சாலையில் கிடந்த ரோமம்: உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வண்டி மோதிச் செத்துக் கிடக்கும் ராக்கூனையும் நரியையும் எடுத்துப் போய்த் தோலுரித்து, பதனிட்டு, தொப்பியும் கையுறையும் தைப்பவர்கள் இருக்கிறார்கள். ‘உடுப்புக்காக இதை யாரும் கொல்லவில்லையே’ என்பது அவர்கள் வாதம். சொல்வது சுலபம், செய்வது சுலபமில்லை. அழுகல் விடாது, பருவம் விடாது, நோய் விடாது. இவை மூன்றும் விட்டாலும் சட்டம் விடாது. அந்த ரோமத்தின் கதையில் சில துளிகள்...

விபத்தில் பிறந்த வியாபாரம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பமேலா பாக்குவின் 2013இல் ‘பெட்டிட் மோர்ட் ஃபர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கச்சாப்பொருள் முழுக்கச் சாலையில் அடிபட்ட விலங்குகள். தன் சரக்குக்கு அவர் வைத்த பெயர் ‘விபத்து ரோமம்’. கழுத்தணி, தொப்பி, காலுறை, கைப்பை என்று சிறு உருப்படிகளே அதிகம். சிலவற்றின் விலை ஆயிரம் டாலர் வரை போனது.

முழுக் கோட்டு ஏன் இல்லை?

ஒரு பெண்ணுக்கான நீளமான மிங்க் கோட்டுக்கு ஐம்பது, அறுபது தோல் வேண்டும். அத்தனையும் ஒரே நிறம், ஒரே அடர்த்தி, ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ரோமத்துக்காக மிங்க் வளர்க்கும் பண்ணையில் அது நடக்கும். சாலையில் ஒன்று சிவப்பாகக் கிடைக்கும், இன்னொன்று சாம்பலாக இருக்கும். ஒன்றில் முதுகு கிழிந்திருக்கும், இன்னொன்றில் வயிறு தார்ச்சாலையில் உரசி ரோமமே போயிருக்கும். அதனால்தான் இந்தத் தொழில் தொப்பியிலும் கையுறையிலும் நின்றுவிடுகிறது.

கத்தி எந்தப் பக்கம்?

ஃபர் தைப்பவர்கள் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. தோலின் உட்புறத்தைத் திருப்பிப் போட்டு, கூரான சிறு கத்தியால் தோலை மட்டும் கீறுவார்கள். ரோமத்தில் ஒரு இழைகூட வெட்டுப்படாது. தையலும் உட்புறத்தில்தான். வெளியே ரோமத்தைச் சீவிவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. வண்டி மோதிக் கிழிந்த தோலையும் பயன்படுத்த முடிவது இந்த வித்தையால்தான்.

நூறாண்டுக்கு முந்தைய கணக்கு

சாலையில் செத்த விலங்குகளை எண்ணும் வேலை கார் பெருகத் தொடங்கிய காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1924 கோடையில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேட்டன் ஸ்டோனர் என்ற விலங்கியலாளர் காரில் போய்வந்த 632 மைல் பயணத்தில் எண்ணியது 225 உடல்கள், 29 இனங்கள். மறு ஆண்டு அதை ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். அன்றைய கார்கள் ஓடிய வேகத்தை நினைத்துப் பாருங்கள்!

ராக்கூனுக்கு வந்த மவுசு

இன்று சாலையோரம் அனாதையாகக் கிடக்கும் ராக்கூன் ஒரு காலத்தில் நாகரிகச் சின்னம். 1920களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கணுக்கால் வரை தொங்கும் ராக்கூன் கோட்டுக்கு ஆலாய்ப் பறந்தார்கள். 1950களின் நடுவில் டிஸ்னியின் டேவி கிராக்கெட் தொலைக்காட்சித் தொடர் வந்ததும் வால் தொங்கும் ராக்கூன் தொப்பி கேட்டு அடம்பிடித்தார்கள் சிறுவர்கள். ராக்கூன் ரோமத்தின் விலை பல மடங்கு எகிறியது. மோகம் தணிந்ததும் விலையும் படுத்துவிட்டது.

முதல் எதிரி கடிகாரம்

உயிர் போன சில மணி நேரத்திலேயே தோலில் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். முதலில் கெடுவது ரோமத்தின் வேர் பிடித்திருக்கும் இடம். வெளியே பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும். பதனிட்டு முடிக்கும்போது கொத்துக் கொத்தாக முடி கையோடு வந்துவிடும். ரோமம் மெல்லியதாக இருக்கும் வயிற்றுப் பகுதிதான் முதலில் போகும். அங்கே பச்சை நிறம் தட்டியிருந்தால் அனுபவசாலிகள் குனியக்கூட மாட்டார்கள்.

தெள்ளுப்பூச்சி சொல்லும் சாட்சி

உடல் புதியதா பழையதா என்று எப்படித் தெரியும்? தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் இன்னும் ரோமத்துக்குள் ஊர்ந்தால் நல்ல சகுனம்! உடல் குளிர்ந்ததும் அவை வேறு வீடு தேடிக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு வருவது ஈயும் புழுவும். ஆகவே அருவருப்பான முதல் கூட்டம்தான் சரக்கு தேறும் என்பதற்கு அடையாளம்.

மாதத்தைப் பார்த்து எடு

குளிர்நாட்டு விலங்குகளுக்கு ரோமம் இரண்டு அடுக்கு. மேலே நீண்ட காவல்முடி மழையையும் பனியையும் வழித்துவிடும். அடியில் இருக்கும் பஞ்சு போன்ற அடிரோமம் உடல் சூட்டைக் காக்கும். கோடையில் அடிரோமம் உதிர்ந்துவிடும். ஜூலையில் அடிபட்ட நரி உடுப்புக்கு உதவாது. தோலை உரித்து உட்புறம் பார்த்தாலே பருவம் தெரியும். புதுமுடி வளர்ந்துகொண்டிருந்தால் நிறமிகள் வேரில் தேங்கி, தோல் நீலம் பாரித்திருக்கும். முடி முற்றியிருந்தால் தோல் வெளிர் நிறத்தில் பளிச்சென்று இருக்கும்.

ஜோடி தேடும் காலம்

அமெரிக்காவில் மான்கள் வண்டியில் மோதுவது அதிகமாக நடப்பது நவம்பரை ஒட்டி. ஜோடி தேடி ஓடும் ஆண்மானுக்குச் சாலை கண்ணில் படாது. ராக்கூனும் நரியும் இணை தேடி அலைவது ஜனவரி, பிப்ரவரி வாக்கில். அவற்றின் ரோமம் அடர்ந்து முற்றியிருப்பதும் அப்போதுதான். குளிர் வேறு அழுகலைத் தள்ளிப்போடும். சேகரிப்பவர்களுக்குக் குளிர்காலம்தான் அறுவடைக் காலம்.

ஸாக்ஸ் கழற்றுவது போல

நரி, ராக்கூன் போன்றவற்றை வயிற்றில் நெடுகக் கீறி உரிப்பதில்லை. பின்னங்கால்களுக்கு இடையே மட்டும் கீறி, ஸாக்ஸைக் கழற்றுவது போலத் தலைப்பக்கமாக உருவி எடுப்பார்கள். தோல் குழாய் வடிவில் வரும். நீர்வாழ் பீவரை மட்டும் நெடுக அறுத்து, வட்டமாக விரித்து ஆணியடித்துக் காயவைப்பது வழக்கம்.

கொழுப்புக்கு மன்னிப்பில்லை

உரித்த தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்தே ஆகவேண்டும். மிச்சம் வைத்தால் அந்த இடத்தில் உப்பு இறங்காது. உப்பு இறங்காத இடம் அழுகும். சுரண்டியபின் தோலின் எடைக்கு ஈடாக உப்பை அள்ளித் தேய்த்து வைப்பார்கள். ராக்கூனில் இது பெரும்பாடு. குளிர்காலத்துக்கு முன் தின்று சேர்த்த கொழுப்பு அதன் தோலடியில் திட்டுத் திட்டாக அப்பியிருக்கும்.

மூளைக்கு இன்னொரு வேலை

வட அமெரிக்கப் பழங்குடிகள் தோல் பதனிடப் பயன்படுத்தியது விலங்கின் மூளையை! மூளையில் லெசித்தின் நிறைய உண்டு. எண்ணெயையும் நீரையும் கலக்கவைக்கும் பொருள் அது. மூளையை வெந்நீரில் கரைத்துத் தோலில் தேய்த்தால் கொழுப்பு நார்களுக்குள் புகுந்துகொள்ளும். பிறகு காயும் வரை இழுத்து இழுத்துப் பிசைய வேண்டும். கடைசியில் புகை காட்டுவார்கள். புகை காட்டாத தோல் நனைந்து காய்ந்தால் விறைத்துப்போகும்.

நம்ம ஊர் ஆவாரம்பட்டை

மரப்பட்டையில் இருக்கும் டானின் தோலை அழுகாமல் நிறுத்தும். ஐரோப்பியர்களுக்கு ஓக் பட்டை, நமக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் பக்கத்துத் தோல் ஷாப்புகளின் பெயர் கடல் கடந்தது இந்தப் பட்டைப் பதனிலிருந்துதான். ஆனால் ரோமத்தோடு தோலைப் பதனிட வேண்டுமானால் பலர் கைவைப்பது படிகாரத்திலும் உப்பிலும். பட்டைச்சாறு ரோமத்தையும் கறையாக்கிவிடும், படிகாரத் தோல் வெளுப்பாகவே நிற்கும். நனைந்தால் பதன் கழன்றுபோவது மட்டும் படிகாரத்தின் குறை.

ஃப்ரீசர் கொல்லாத கிருமி

கிடைத்த உடலை உடனே உரிக்க முடியாதவர்கள் ஃப்ரீசரில் போட்டுவைப்பார்கள். அழுகல் நிற்கும், தெள்ளுப்பூச்சி சாகும். வெறிநோய் வைரஸ் சாகாது! உறைநிலை அதைப் பத்திரமாகவே வைத்திருக்கும். அமெரிக்காவில் ராக்கூன், நரி, ஸ்கங்க் மூன்றும் இந்த நோயைச் சுமக்கக்கூடியவை. முயல் உரிப்பவர்களுக்குத் துலரேமியா என்ற காய்ச்சல் வரும் ஆபத்தும் உண்டு. கையில் இருக்கும் சிறு கீறலே அதற்கு வாசல். அதனால் கையுறை இல்லாமல் யாரும் கத்தியைத் தொடுவதில்லை. அறிமுகமில்லாத விலங்கின் மூளையில் கைவைப்பதும் இல்லை.

மான்தோல் உண்டு, மான்கோட்டு இல்லை

அமெரிக்கச் சாலைகளில் அதிகம் அடிபடும் பெரிய விலங்கு மான். ஆனால் மான் ரோமத்தில் கோட்டுத் தைப்பவர் அரிது. அதன் ஒவ்வொரு முடிக்குள்ளும் காற்று அடைத்திருக்கும். குளிருக்கு அருமை, ஆனால் மளுக்கென்று ஒடிந்து ஊரெல்லாம் உதிரும். அதனால் முடியை நீக்கித் தோலைக் கையுறையாக்குவார்கள். முடியும் வீணாவதில்லை. காற்றடைத்த முடி தண்ணீரில் மிதக்கும் என்பதால் தூண்டில்காரர்கள் அதில் போலிப்பூச்சி கட்டுகிறார்கள்.

முள்ளும் அலங்காரமே

வட அமெரிக்க முள்ளம்பன்றி ஒன்றின் உடலில் ஏறத்தாழ 30,000 முட்கள். அவற்றுக்குச் சாயமேற்றி, ஊறவைத்து, தட்டையாக்கி, தோலாடையிலும் காலணியிலும் பூவேலை செய்வது பழங்குடிப் பெண்களின் தொன்மையான கலை. கண்ணாடிமணி வருவதற்கு முன்பே இருந்தது இது. இன்று இந்தக் கலைஞர்களில் பலருக்கு முள் கிடைப்பது சாலையில் அடிபட்ட முள்ளம்பன்றிகளிடமிருந்துதான். மெதுவாக நடக்கும் விலங்கு. எதிரி வந்தால் ஓடாது, முள்ளை விரித்துக்கொண்டு நிற்கும். லாரியிடம் அந்தத் தந்திரம் பலிப்பதில்லை.

ரோமம் சரி, இறகு குற்றம்

அமெரிக்காவில் அடிபட்டுக் கிடக்கும் ராபின் பறவையின் ஒரு இறகை எடுத்துத் தொப்பியில் செருகினால் சட்டப்படி குற்றம். 1918இல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம், பறவை எப்படிச் செத்தது என்று கேட்பதே இல்லை. காரணம், இந்தச் சட்டம் பிறந்ததே தொப்பிகளால். சீமாட்டிகளின் தொப்பிக்காகக் கொக்குகளை லட்சக்கணக்கில் சுட்டுத் தள்ளிய காலம் அது. ‘கீழே கிடந்தது’ என்ற சாக்குக்கு இடம் கொடுத்தால் வேட்டைக்காரனும் அதையே சொல்வான் என்று முழுக் கதவையும் அடைத்துவிட்டார்கள்.

கழுகுக்கு ஒரு கிடங்கு

கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு அருகே, தேசியக் கழுகுக் களஞ்சியம் என்று ஒரு அரசு அலுவலகம் இருக்கிறது. நாடெங்கும் செத்துக் கிடக்கும் கழுகுகள் அங்கே வந்து சேரும். சாலையில் செத்த மானைத் தின்ன இறங்கி, தானும் வண்டியில் அடிபட்டவை அவற்றில் உண்டு. அரசு அங்கீகரித்த பழங்குடிகள் மட்டுமே சடங்கு உடுப்புக்கும் தலையணிக்கும் இறகு கேட்டு விண்ணப்பிக்கலாம். முழுப் பறவை வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தோல் உனக்கு, கொம்பு எனக்கு

ஒரிகன் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் அடிபட்ட மானையும் எல்க்கையும் இலவச அனுமதிச்சீட்டு வாங்கி எடுத்துப்போகலாம். ஆனால் தலையையும் கொம்பையும் 5 வேலை நாளுக்குள் வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். தலை நோய்ப் பரிசோதனைக்கு. கொம்பை ஏன் கேட்கிறார்கள்? கொம்புக்காகவே காரை ஏற்றும் ஆசாமிகள் கிளம்பிவிடக் கூடாதே! அலாஸ்காவில் அடிபட்ட மூஸ் மாநில அரசின் சொத்து. பட்டியலில் பெயர் கொடுத்திருக்கும் தொண்டு அமைப்புகளுக்கு நடுராத்திரியில்கூட போலீஸ் அழைப்பு வரும்.

பாவாடைக்கு முன் தொங்கும் பை

ஸ்காட்லாந்து ஆண்கள் கில்ட் உடுத்தும்போது இடுப்புக்கு முன்னால் தொங்கவிடும் பைக்கு ஸ்போரன் என்று பெயர். ரோமத்தோலில் செய்வது மரபு. 2007இல் அங்கே வந்த விதிப்படி, நீர்நாய் போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்கின் தோலில் செய்த ஸ்போரனுக்கு உரிமம் வேண்டும். விலங்கு முறைப்படி செத்தது என்று நிரூபிக்கவும் வேண்டும். கல்யாணத்துக்குக் கிளம்பும் மாப்பிள்ளை பைக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை!

நீர்நாய் உடல் ஆய்வகத்துக்கு

பிரிட்டனில் அடிபட்ட நீர்நாயைத் தையற்காரரை விட ஆவலோடு எதிர்பார்ப்பது கார்டிஃப் பல்கலைக்கழகம். 1992இல் தொடங்கிய அதன் நீர்நாய்த் திட்டத்துக்கு வரும் உடல்களில் பெரும்பாலானவை சாலையில் செத்தவை. மீனைத் தின்னும் நீர்நாயின் உடலில் ஆற்று மாசு முழுவதும் சேரும். ஒரு உடலை அறுத்தால் ஒரு ஆற்றின் நலம் தெரிந்துவிடும். ஒரு காலத்தில் பூச்சிமருந்தால் இங்கிலாந்தின் பெரும்பகுதியிலிருந்து மறைந்த விலங்கு இது. இன்று சாலையில் அடிபடும் அளவுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

சூடு ஆறுவதற்குள் பறி

ஆஸ்திரேலியாவின் பொஸ்ஸம் 1837இல் ரோம வியாபாரத்துக்காக நியூசிலாந்து போனது. அங்கே எதிரி இல்லை. பெருகி, காட்டு மரங்களின் தளிரையும் பறவை முட்டைகளையும் தின்று தீர்த்தது. இன்று அதன் ரோமத்தை மெரினோ கம்பளியோடு கலந்து நூற்று ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். உடலில் சூடு இருக்கும்போதே கையால் பறித்தால் ரோமம் லகுவாக வரும், ஆறிவிட்டால் மல்லுக்கட்ட வேண்டும். வாங்குபவருக்கும் மனச்சங்கடம் இல்லை. காட்டைக் காக்கப் பொஸ்ஸத்தை ஒழிப்பது அங்கே அரசின் கொள்கை.

வாலுக்கு 6 டாலர்

அமெரிக்காவின் லூசியானாவில் வில்லன் நியூட்ரியா என்ற நீரெலி. தென் அமெரிக்காவிலிருந்து 1930களில் ரோமத்துக்காக வந்தது, சதுப்பு நிலப் புற்களை வேரோடு தின்றது. வேர் போன மண்ணைக் கடல் கரைத்தது. 2002 முதல் ஒரு வாலைக் கொண்டுவந்தால் 4 டாலர் கொடுத்தது அரசு. பிறகு 5, அப்புறம் 6. வால் மட்டும் போதும் என்பதால் தோல் வீணானது. அதைப் பொறுக்காத நியூ ஆர்லியன்ஸ் கலைஞர் கிரீ மெக்ரீ, நியூட்ரியா ரோம உடுப்புகளுக்கென்றே ஃபேஷன் அணிவகுப்பு நடத்தினார்.

போலி ரோமம் சுத்தமா?

‘அப்படியானால் செயற்கை ஃபர் போதாதா?’ என்பது நியாயமான கேள்வி. அது அக்ரிலிக்கிலும் பாலியஸ்டரிலும் செய்தது. மூலம் பெட்ரோலியம். துவைக்கும்போதெல்லாம் நுண்பிளாஸ்டிக் இழைகள் சாக்கடைக்குப் போகும், மண்ணில் மக்காது. எந்த விலங்கையும் கொல்லாதது அதன் பெருமை. சாலை ரோமக்காரர்கள் குறிபார்ப்பது பண்ணை ரோமத்துக்கும் போலி ரோமத்துக்கும் நடுவில்: கொலையும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை.

எதிர்ப்பாளர் கேட்கும் கேள்வி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரோமப் பண்ணைகளுக்கு 2000இல் தடைச் சட்டம் வந்தது. புது ஃபர் விற்பனைக்கு 2023 முதல் கலிபோர்னியாவில் தடை. இந்த நிலையில் விபத்து ரோமம் எதற்கு என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். தெருவில் எதிரே வருபவருக்கு அது பண்ணை ரோமமா, சாலை ரோமமா என்று தெரியாது, அழகாக இருக்கிறதே என்று கடைக்குப் போவார் என்பது அவர்கள் கவலை. கவலையில் நியாயம் உண்டு. பறவை இறகுக்கு 1918இல் கதவை முழுக்க அடைத்ததும் இதே சந்தேகத்தில்தான். ஆனால் சாலை ரோமம் எந்நாளும் கைத்தொழிலாகவே இருக்கும். இத்தனை உருப்படி வேண்டும் என்று சாலைக்கு ஆர்டர் கொடுக்க முடியாதே.

கச்சாப்பொருள் தீரும் வழி

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலி போட்டு, விலங்குகள் கடக்க 6 மேம்பாலமும் 38 சுரங்கவழியும் கட்டினார்கள். வண்டியில் அடிபடும் விலங்குகள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. கன்னியாகுமரியில் முடியும் நம் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலும், பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் பக்கம், வண்டிகள் மேலே போக விலங்குகள் கீழே கடக்கும் வழிகள் இருக்கின்றன. புலிகள் அதில் நடந்துபோவதைக் கேமரா படம் பிடித்திருக்கிறது.

இரவில் மூடும் சாலைகள்

பாலம் கட்டாமலும் விலங்கைக் காக்கலாம், வண்டியை நிறுத்தினால் போதும். பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் பண்ணாரி, திம்பம் வழியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு.

நம் ஊரில் நீங்கள் எடுக்கலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 39ஆம் பிரிவுப்படி, செத்துக் கிடக்கும் காட்டு விலங்கு அரசின் சொத்து. வண்டியில் தற்செயலாக அடிபட்டதும் இதில் சேர்த்தி. புள்ளிமானோ முள்ளம்பன்றியோ மரநாயோ, தோலோ பல்லோ நகமோ, அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் வழக்குதான். எப்படியோ கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய வனத்துறை அலுவலரிடமோ தெரிவித்தாக வேண்டும். அடுத்த முறை காட்டுச் சாலையில் அடிபட்ட விலங்கைக் கண்டால் செய்யவேண்டியது இவ்வளவே: தொடாதீர்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். எந்த வளைவில் விலங்குகள் அடிபடுகின்றன என்று துறைக்குத் தெரிந்தால், அந்த இடத்தில் ஒரு வேகத்தடையாவது வரும்.